கணக்குப்பிள்ளை பெட்டி

ஆசாரியார் வந்து முக்கால் மணி நேரம் ஆகிறது. இன்னும் ஓர் ஆயுதத்தையும் கையில் எடுக்கவில்லை. வந்ததும் டிவிஎஸ் எக்ஸெல்லை வேப்பமரத்தடியில் நிறுத்தினார். தாழ்வாரத்தில் சாக்கை விரித்தார். பெட்டிக்கு முன்னால் குந்தி, சாவித் துவாரத்துக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். நாலு சொட்டு மண்ணெண்ணெய் விட்டார். பிறகு தூணில் சாய்ந்து வெற்றிலைக் காம்பு கிள்ள ஆரம்பித்தவர்தான்.

பேரனுக்குப் பொறுக்கவில்லை. சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்திருக்கிறான், நாள் ஓடுகிறது.

"அய்யா, கடப்பாரை எடுத்தாரவா?"

ஆசாரியார் வெற்றிலையை மடித்துக் கடைவாய்க்குள் தள்ளினார்.

"எடுத்தாங்க தம்பி. தென்னம்பிள்ளை வைக்கக் குழி வெட்டலாம்."

தஞ்சாவூரிலிருந்து திருவையாறு போகும் சாலையில் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு என்று ஒவ்வொன்றாகத் தாண்டி, குடமுருட்டிப் பாலத்துக்குப் பக்கத்தில் இறங்கி, கரையோடு உள்ளே நடந்தால் இந்த வீடு. மாசி மாதம். சம்பா அறுவடை முடிந்து, சாலையில் பாதியை நெல் பிடித்துக்கொண்டிருக்கிறது. கொள்முதல் நிலையத்தில் முறை வராதவர்கள் தார்ப்பாயை மடித்துத் தலைக்கு வைத்துக் குவியலுக்குப் பக்கத்திலேயே படுத்திருக்கிறார்கள். வீட்டுக்குள் ஒரு மணி நெல் இல்லை. கூடத்து மூலையில் ஆள் உயரப் பத்தாயம் நிற்கிறது. அதற்குள் பழைய செய்தித்தாளும் உடைந்த மிக்ஸியும் இருக்கின்றன. நெல் வயலிலிருந்து இயந்திரத்தில் ஏறி, டிராக்டரில் இறங்கி, நாற்பது கிலோ சாக்காகி, லாரியில் போய்விடுகிறது. வீட்டைப் பார்ப்பதே இல்லை.

எனக்கு அங்கே ஒரு வேலையும் கிடையாது. வேறு காரியமாக வந்தவனுக்கு ஒரு நாற்காலி போட்டார்கள், உட்கார்ந்திருந்தேன். யாரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை.

பெட்டியைச் சொல்ல வேண்டும். முழ உயரம், அகலம் இரண்டு முழத்துக்குச் சற்றுக் குறைவு. மூடி பின்பக்கம் உயர்ந்து முன்பக்கம் சரிகிறது. கணக்குப்பிள்ளை தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, சரிந்த மூடிமேல் பேரேட்டை வைத்து எழுதுவார். எழுதி முடித்ததும் பேரேட்டை உள்ளே போட்டுப் பூட்டிவிட்டு, சாவியை அரைஞாணில் செருகிக்கொண்டு எழுந்து போய்விடுவார். மேசையும் அதுதான், பெட்டியும் அதுதான். தேக்கு, மூலைகளில் பித்தளைப் பட்டை. மூடியின் நடுவில் மரம் வழுவழுவென்று லேசாகக் குழிந்திருக்கிறது. வருஷக்கணக்காக ஒரே இடத்தில் ஒரு முழங்கை ஊன்றிய குழி. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழஞ்சாமான் கடைகளில் இந்த மாதிரிப் பெட்டிகள் வரிசையாக இருக்கும். நகரத்து வீடுகளில் சோபாவுக்கு முன்னால் இடம் பிடித்து, மேலே பூச்சாடி வைத்துக்கொண்டு இருக்கின்றன. எந்த வரவு செலவையும் பார்க்காமல் வாங்கிய பெட்டிமேல் வரவு செலவு எழுதிய தழும்பு.

அப்பாயிக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. ஊஞ்சல் பலகையில் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"ஒரு ஏவாரி வந்தான். பூட்டினது பூட்டினபடி தூக்கிட்டுப் போறேன்னான். குடுத்துருப்பேன். இந்தப் பயதான் போன்லயே கத்துனான், விக்காதே விக்காதேன்னு. இடத்த அடைச்சிக்கிட்டுக் கெடக்கு."

வழக்கமாக இது தலைகீழாகத்தான் நடக்கும். பேரப்பிள்ளைகள் விற்கச் சொல்வார்கள், கிழங்கள் கட்டிக்கொண்டு அழும். இங்கே ஏன் மாறியிருக்கிறது என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

மண்ணெண்ணெய் ஊறிவிட்டது என்று ஆசாரியாருக்கு எப்படித் தெரிந்ததோ, சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார். பைக்குள்ளிருந்து வந்தவை சிறிய சாமான்கள்: சின்னச் சுத்தியல், மூன்று நான்கு அரம், குறடு, திருப்புளி. கூடவே ஒரு கட்டு குடைக்கம்பி. ஒவ்வொன்றின் நுனியையும் ஒவ்வொரு விதமாகத் தட்டி வளைத்து வைத்திருந்தார். அதில் ஒன்றைத் தேர்ந்து சாவித் துவாரத்துக்குள் விட்டார். கண்ணை மூடிக்கொண்டார். மூடிய கண்ணோடு மெதுவாக இழுத்தார். கறுப்புக் களிம்பு ஒட்டிய ஓர் இரும்புத் துண்டு சாக்கில் விழுந்தது.

"சாவிப் பல்லு. உள்ளேயே ஒடிஞ்சு கெடந்துருக்கு." களிம்பை முகர்ந்து பார்த்தார். "எந்தப் புண்ணியவானோ தேங்காயெண்ணெய் ஊத்திருக்கான்."

"எங் கொழுந்தன்தான்" என்றார் அப்பாயி. "நான் வாக்கப்பட்டு வந்தப்பவே இது பூட்டித்தான் இருந்துச்சு. அவரு தெறக்கப் போயி ஒடிச்சாரு. அப்புறம் யாரும் தொடல."

சாவியின் மீதித் தண்டு பூஜை அலமாரியில் விபூதி டப்பாவுக்குப் பின்னால் இருந்தது. யாரும் தொடாத சாவிக்கு அங்கே என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை.

துண்டு வெளியே வந்தும் பூட்டு அசையவில்லை. வேறொரு வளைகம்பியை விட்டுத் தடவினார், தலையை ஆட்டினார். எழுந்து பெட்டியின் பின்பக்கம் போனார். அங்கே இரண்டு கீல்கள். கீலின் ஆணியை ஒரு முனையில் பொட்டுப் பொட்டாகத் தட்டத் தட்ட, மறுமுனையில் அது மெல்லத் தலை நீட்டியது. குறடால் பிடித்து உருவினார். இரண்டாவதையும் உருவினார். மூடியின் பின்விளிம்பை விரல்கடை அளவு தூக்கினார். உள்ளே கைவிட்டு, கண்ணால் பார்க்காமலே நான்கு மரையாணிகளையும் கழற்றினார். பூட்டு மூடியோடு சேர்ந்து வெளியே வந்தது. கடப்பாரை கேட்டவன் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தான். முன்வாசலுக்கு மட்டும்தான் பூட்டு. அறுபது எழுபது வருஷமாக யாரும் பின்பக்கம் போய்ப் பார்க்கவில்லை.

"சரபோஜி மகாராஜா காலத்துப் பெட்டி அய்யா இது" என்றான் பேரன், கொஞ்சம் பெருமையாக.

ஆசாரியார் கழற்றிய மரையாணி ஒன்றை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தார். அவ்வளவுதான். அவன் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்துவிட்டான். அதன் முனை கூராக இருந்தது. மரையாணிக்குக் கூர்முனை வந்ததே பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில்தான்; அதற்கு முந்தியவை மொட்டையாக இருக்கும், தமரால் துளை போட்டுத்தான் இறக்க வேண்டும். இரண்டாம் சரபோஜி 1832லேயே போய்ச் சேர்ந்துவிட்டார். நடுவில் யாராவது ஆணியை மாற்றியிருக்கலாம் என்று வாதாடலாம். ஆனால் நான்கு ஆணிகளும் அச்சு அசலாக ஒன்றுபோல் இருந்தன. துளைகளில் பழைய தழும்பும் இல்லை. நான் வாயைத் திறக்கவில்லை. ஒரு மனிதன் பத்து நாள் லீவில் வந்து ஒரு ராஜாவைச் சம்பாதித்திருக்கிறான், வைத்துக்கொள்ளட்டும்.

பூட்டின் முகத்தில் ஒரு கிரீடமும், 'செக்யூர் லீவர்' என்று ஆங்கில எழுத்தும் பொறித்திருந்தன. சீமைச் சரக்கு. உள்ளூர்த் தச்சர் பெட்டி செய்வார், கப்பலில் வந்த பூட்டு வாங்கிப் பதிப்பார். அந்தக் காலத்து வசதியுள்ள வீடுகளில் அதுதான் நாகரிகம். மூடித் தகட்டைக் கழற்றியதும் உள்ளே மூன்று பித்தளை லீவர்கள், ஒன்றன்மேல் ஒன்று.

இந்த ஏற்பாட்டுக்கு ஒரு வரலாறு உண்டு. 1778இல் ராபர்ட் பாரன் என்ற ஆங்கிலேயர் கண்டுபிடித்த யுக்தி இது. சாவிப் பல் லீவரைத் தூக்கினால் மட்டும் போதாது, சரியான உயரத்துக்குத் தூக்க வேண்டும். குறைந்தாலும் நாக்கு நகராது, கூடினாலும் நகராது. போர்ட்ஸ்மத் கப்பல்துறையில் ஒரு திருட்டு நடந்து, திறக்க முடியாத பூட்டு வேண்டும் என்று அரசாங்கம் பரிசு அறிவித்தபோது, ஜெரமையா சப் அதை இன்னும் இறுக்கி 1818இல் காப்புரிமை வாங்கினார். கள்ளச்சாவி போட்டால் பூட்டு தானே மாட்டிக்கொண்டு, யாரோ கை வைத்தார்கள் என்று காட்டிக்கொடுக்கும். 1851 லண்டன் கண்காட்சியில் ஹாப்ஸ் என்கிற அமெரிக்கர் வந்து அதையும் திறந்து காட்டிவிட்டார், சீமையே அதிர்ந்துபோனது. இந்தப் பெட்டியின் பூட்டு அவ்வளவு வீராப்பு இல்லாதது. குடும்பத்துக்குள் இருக்கிற கைகளைத் தடுத்தால் போதும் என்று செய்தது.

மூன்றாவது லீவரின் வில் ஒடிந்திருந்தது. வில் இல்லாத லீவர் கீழே இறங்காமல் தொங்கிக்கொண்டு, நாக்கின் வழியை அடைத்திருந்தது. ஆசாரியார் அதைத் தனியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். முகத்தில் முதல்தடவையாக ஒரு சந்தோஷம். வியாதி தெரிந்துவிட்டது.

பையிலிருந்து ஒரு மருந்து டப்பா வந்தது. அதற்குள் சாவி கொடுக்கிற சுவர்க்கடிகாரத்தின் சுருள்வில், துண்டு துண்டாக. ஒரு துண்டை எடுத்து லீவரோடு ஒட்டிப் பார்த்தார், நறுக்கினார். "அம்மா, கொட்டாங்கச்சிக் கரி கெடைக்குமா?" கிடைத்தது. கொல்லையில் மூன்று செங்கல் வைத்து மூட்டினார். பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த பெண் ஒதுங்கி இடம் விட்டு, அடுத்த பக்கம் திரும்பி உட்கார்ந்து தேய்த்தார்.

பக்கத்தில் போய் நின்றேன். கடிகார வில் சிவக்கும்வரை கரியில் கிடந்தது. சிவந்ததும் குறடால் எடுத்து, மூக்கை வளைத்து, நொடியில் எண்ணெய்க் கிண்ணத்துக்குள் அமுக்கினார். சுர்ரென்று புகை. இப்போது அது கண்ணாடியாகிவிட்டது. கீழே போட்டால் உடையும் என்றார். உப்புத்தாளால் தேய்த்து வெள்ளை வெளேரென்று ஆக்கி, ஓர் இரும்புத் தகட்டின்மேல் வைத்துத் தகட்டை நெருப்பில் பிடித்தார். இனிமேல் எல்லாம் நிறம்தான். முதலில் புது வைக்கோல் நிறம் வந்தது. அது கருத்துப் பழுப்பானது. பழுப்புக்குள்ளிருந்து கத்தரிப்பூ நிறம் ஓரமாகப் புறப்பட்டு உள்ளே படர்ந்தது. அவர் மூச்சு விடவில்லை, நானும் விடவில்லை. கத்தரிப்பூ கரைந்து மயில்கழுத்து வந்த கணத்தில் தகட்டைச் சாய்த்தார். வில் தண்ணீரில் விழுந்தது. வைக்கோல் நிறத்தில் எடுத்திருந்தால் ஒடியும். மயில்கழுத்தைத் தாண்டி வெளுக்க விட்டிருந்தால் வளைந்தது வளைந்தபடி நின்றுவிடும், திரும்பாது. சூடு ஏற ஏற எஃகின் மேல் படிகிற ஆக்ஸைடுப் படலம் தடிக்கிறது, அதனால்தான் இந்த நிறங்கள். மயில்கழுத்து வரும் சூடு ஏறக்குறைய 300 டிகிரி. அவரிடம் வெப்பமானி இல்லை. பதம் என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு வேலை செய்கிறார்.

விரலால் வில்லை அமுக்கி விட்டார். துள்ளித் திரும்பியது.

சின்ன வயதில் திண்டுக்கல்லில் தாய்மாமன் பட்டறையில் கற்றுக்கொண்டதாம். மாங்காய்ப் பூட்டு வார்த்துக்கொண்டிருந்த பட்டறை. 2019இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. குறியீடு வந்தபோது பட்டறைகள் பாதி மூடிக் கிடந்தன. அலிகாரிலிருந்து இயந்திரப் பூட்டு வந்து கடைகளை நிரப்பிவிட்டது. தண்ணீர் இல்லாததால் விவசாயத்தை நம்ப முடியாமல்தான் அந்த ஊர் பூட்டுக்குப் போனது என்று அங்கே சொல்வார்கள். அங்கே கற்றவர் காவிரிக்கரைக்கு வாழ வந்து, பத்தாயமும் பெட்டியும் நிறைந்திருந்த வீடுகளுக்கு நாற்பது வருஷமாகப் பூட்டுப் பார்க்கிறார். இப்போது அதிகமாக வருவது பைக் சாவி.

தாழ்வாரத்துக்குத் திரும்பி அவர் அரத்தை எடுத்தபோதுதான் பேரன் பெட்டிக்குள் கைவிட்டான்.

காசு இல்லை, நகை இல்லை. ஒரு மைக்கூடு, கட்டையாகிப்போன பேனா, சிவப்புத் துணி அட்டை போட்ட நீளப் பேரேடு. கரையான் தொடவில்லை. 'விரோதி வருஷம்' என்று முதல் பக்கத்தில் தலைப்பு, 1949. கலம், மரக்கால், படி என்று கட்டம் கட்டமாக நெல் கணக்கு. பின்னங்களுக்குப் பழைய குறிகள். பேரனுக்குப் படிக்க வரவில்லை. ஆசாரியார் அரத்தை நிறுத்தாமல் எட்டிப் பார்த்துச் சொன்னார்: "அது அரைக்கால். அது மா. நூறு குழி ஒரு மா, இருவது மா ஒரு வேலி."

பக்கங்களைத் தள்ளினான். பண்ணையாள் பற்று என்று ஒரு பகுதி. ஒரு பெயர், அதற்கெதிரே நெல். பொண்டாட்டி பிரசவத்துக்கு ஒரு கலம். தாலி வகைக்கு மூன்று கலம். அப்பன் சாவுக்கு இரண்டு கலம். இரண்டு கலம் என்றால் ஒரு மூட்டை. பற்று ஏறிக்கொண்டே போகிறது. வரவுக் கட்டத்தில் கோடு. அடுத்த வருஷம் அதே பெயர், மேலே போன வருஷத்து நிலுவை. அதற்கடுத்த வருஷம் அதே பெயருக்குப் பக்கத்தில் மகன் பெயர்.

பேரன் வேடிக்கையாகத்தான் உரக்க வாசித்தான். முதல் பெயர். இரண்டாவது பெயர். மூன்றாவது பெயரை வாசித்தபோது கொல்லையில் பாத்திரம் தேய்க்கும் சத்தம் நின்றது.

ஆசாரியாரின் அரம் மட்டும் கேட்டது.

"போதும்டா" என்றார் அப்பாயி.

"யாரு அப்பாயி இவங்கல்லாம்? நம்ம ஊரா?"

"ஊருதான். மூடி வையி."

கொஞ்ச நேரத்துக்குப் பிறகு தேய்க்கும் சத்தம் மறுபடி ஆரம்பித்தது. டீ தம்ளர்களை எடுக்க அந்தப் பெண் தாழ்வாரத்துக்கு வந்தபோது பேரன் பேரேட்டை நகர்த்தி வழிவிட்டான். அவர் அதைப் பார்க்கவில்லை. பார்க்காததுபோல் எடுத்துக்கொண்டு போனாரோ என்னவோ.

நான் உட்கார்ந்த இடத்திலிருந்தே கடைசிப் பக்கம் தெரிந்தது. நந்தன வருஷம், ஆவணி. அதற்கப்புறம் வெறும் காகிதம். 1952 ஆகஸ்டில், ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது, தஞ்சாவூர்ச் சாகுபடிக்காரர்களுக்கும் பண்ணையாட்களுக்கும் பாதுகாப்பு என்று ஓர் அவசரச் சட்டம் வந்தது; அதே ஆண்டில் சட்டமும் ஆனது. நினைத்தபடி ஆளை வெளியேற்ற முடியாது, கூலி இவ்வளவு என்று வரையறை வந்தது. அந்த ஆவணியில் யாரோ இந்தப் பேரேட்டை உள்ளே போட்டுப் பூட்டிவிட்டார்கள். பற்று எதையும் அடிக்கவில்லை, வரவும் வைக்கவில்லை. பூட்டினார்கள், அவ்வளவுதான். அப்பாயி வந்து சேர்ந்தது அதற்குச் சில வருஷம் கழித்து.

"உள்ள என்ன இருக்குன்னு ஒனக்குத் தெரியுமா அப்பாயி?"

"தெரிஞ்சுதான வித்துடலாம்ன்னேன்."

சாவி உருவாகிக்கொண்டிருந்தது. ஒடிந்த துண்டையும் தண்டையும் சேர்த்து வைத்து அளவெடுத்து, புது இரும்பில் பல் வெட்டினார் ஆசாரியார். வெட்டியதை விளக்குச் சுடரில் காட்டிக் கரி படிய வைத்து, பூட்டில் விட்டுத் திருப்பி, வெளியே எடுத்துப் பார்த்தார். எங்கே கரி அழிந்திருக்கிறதோ அங்கே உரசுகிறது. அந்த இடத்தில் ஒரே ஓர் இழுப்பு; மறுபடி சுடர், மறுபடி பூட்டு. இதை அவர் எத்தனை தடவை செய்தார் என்று எண்ணவில்லை. அவசரமே இல்லாத ஒரு காரியத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதில் ஒரு சுகம் உண்டு. கடைசியில் மூன்று லீவரும் சேர்ந்து எழுந்தன. நாக்கு டக்கென்று நகர்ந்தது.

பழைய ஆணித் துளைகள் தளர்ந்திருந்தன. தேக்குச் சில்லு சீவி, வச்சிரம் தடவி அடைத்து, அதே நான்கு ஆணிகளைத் திருப்பி இறக்கினார். புது ஆணி இருக்கிறதே என்று பேரன் கேட்டதற்கு, "வந்த வீட்டுக்கே போவட்டும்" என்றார். கீலைப் பூட்டி மூடியை இறக்கினார். பேரேடு உள்ளேதான் இருந்தது. யாரும் எடுக்கச் சொல்லவில்லை, வைக்கவும் சொல்லவில்லை.

கூலி ஆயிரம் சொன்னார். பேரன் பேசாமல் எடுத்துக் கொடுத்தான். ஊஞ்சல் நின்றது.

"ஒன்றரைக் கலம் நெல்லு காசுடா! நூத்தம்பது ரூவாய்க்குப் புதுப் பூட்டு வாங்கி மாட்டிருக்கலாம்."

"மாட்டலாம்மா" என்றார் ஆசாரியார், சட்டையை மாட்டிக்கொண்டே. "அந்தப் பூட்டுக்கு இந்தப் பொட்டியில எடம் வெட்டணும். வெட்டினா பொட்டி போயிரும்."

வண்டியை உதைத்துக் கிளம்புவதற்கு முன் பேரனிடம் அவர் சொன்னதை, இப்படி ஒரு பெட்டி வீட்டில் கிடப்பவர்களுக்காக இங்கே எழுதி வைக்கிறேன். பூட்டுக்குள் தேங்காயெண்ணெய் ஊற்றாதீர்கள். நாளாக நாளாகத் தூசியோடு சேர்ந்து பிசினாகிவிடும். பென்சில் முனையைச் சுரண்டி அந்தப் பொடியை ஊதிவிட்டால் போதும். சாவி திரும்பவில்லை என்றால் பலம் காட்டாதீர்கள், ஒடிவது சாவிதான். திறக்கவே முடியவில்லை என்றால் நெம்புவதற்கு முன் பெட்டியின் பின்பக்கம் போய்க் கீலைப் பாருங்கள்.